லைடார் டேட்டாவில் எங்கள் ஏரி கடல் மட்டத்துக்கு 60 மீட்டர் கீழே காட்டுகிறது, எங்கே தப்பு?

கலங்கல்மேடு:

வணக்கம். சிவில் முடித்துவிட்டு ஒரு சின்ன கன்சல்டன்சியில் வேலை பார்க்கிறேன். லைடாரில் கை வைப்பது இதுதான் முதல் தடவை, கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுராந்தகம் பக்கம் ஒரு ஏரி. தண்ணீர் நிற்கும் பரப்பு சுமார் 120 ஹெக்டேர், கரை ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தூர்வாரினால் எவ்வளவு மண் வரும், கலங்கல் (ஏரி நிறைந்தால் உபரி நீர் வழியும் தளம்) மட்டம் வரை நிறைந்தால் எவ்வளவு தண்ணீர் நிற்கும், இந்த இரண்டு கணக்குதான் எங்களுக்கு வேண்டும். மே மாதம் விமானத்தில் பறந்து, லேசரால் தரையின் உயரத்தை அளந்து எடுத்த லைடார் டேட்டா வந்திருக்கிறது. திறந்து பார்த்தால் தரை முழுக்க மைனஸ். கலங்கல் மேல் சிமெண்ட் தளத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் -59.78 என்கிறது, அதே கலங்கலின் ஓரக் கல்லில் கொத்தி வைத்திருக்கும் மட்டமோ 27.40. எங்கள் சீனியர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துவிட்டு "என்னம்மா, ஏரியைக் கடலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாய்" என்று சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

கூட்டிக் கழித்தால் வித்தியாசம் 87.18 மீட்டர். சரி, ஏதோ ஒரு நிலையான எண், அதைக் கூட்டிவிட்டால் போதும் என்று நினைத்து, தெற்கே 9 கிலோமீட்டர் தள்ளி ஒரு சாலைப் பாலத்தில் இருக்கும் பெஞ்ச் மார்க்கிலும் (உயரம் அளந்து குறித்து வைத்த அடையாளம்) பார்த்தேன். அங்கே 87.36 வருகிறது. இந்த 18 சென்டிமீட்டர்தான் தூங்கவிடவில்லை. டேட்டா கொடுத்தவர்களிடம் கேட்டால் "அப்படித்தான் வரும் மேடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

வெட்டி ஆபீசர்:

ரெண்டையும் சராசரி போட்டு 87.27 கூட்டி அனுப்பிடுங்க, யார் போய் அளந்து பாக்கப் போறாங்க :)

புள்ளிமேகம்:

மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். உங்கள் 120 ஹெக்டேரில் 20 செ.மீ தப்பினால் 2,40,000 கன மீட்டர், நம்ம ஊர்க் கணக்கில் எட்டரை மில்லியன் கன அடி. ஒரு சின்ன ஏரியே தொலைந்து போகும்.

உங்கள் டேட்டாவில் தப்பு இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குக் கடல் மட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. லேசர் ஒரு பல்ஸை அனுப்புகிறது, அது தரையில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தை அளக்கிறது, 1000 மீட்டர் உயரத்தில் பறந்தால் போய்வர 7 மைக்ரோவினாடி கூட ஆகாது. அது தூரம் மட்டும்தான். அந்த நொடியில் விமானம் எங்கே இருந்தது என்று ஜிபிஎஸ் சொல்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று ஐஎம்யூ என்கிற பெட்டி சொல்கிறது, மூன்றையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய், இசட் பிறக்கிறது. ஜிபிஎஸ் கொடுக்கும் உயரம் எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமியை லேசாக நசுக்கிய பந்தாக வைத்துக்கொண்டு கணக்கில் வரைந்த வழுவழு பரப்பிலிருந்து. கலங்கல் கல்லில் கொத்திய உயரம் கடல் மட்டத்திலிருந்து, அதாவது ஜீயாய்டை ஒட்டியது, ஈர்ப்பு விசை கூடக் குறைய இருப்பதற்கேற்ப மேடும் பள்ளமுமாகப் போகும் பரப்பு. இரண்டும் ஒன்றல்ல.

உலகத்தில் பல இடங்களில் இந்த வித்தியாசம் 20, 30 மீட்டரில் முடிந்துவிடும். நமக்குத்தான் யோகம். உலகத்திலேயே ஜீயாய்டு மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், எலிப்சாய்டுக்கு 106 மீட்டர் கீழே. அந்தப் பெரும்பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் சுமார் 86, தெற்கே போகப் போக இன்னும் இறங்கும். (பள்ளம் என்றதும் கப்பல் உள்ளே சரிந்து விழுமா என்று என் தம்பி கேட்டான். விழாது, தண்ணீருக்கு அதுதான் சமதளம். ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், பூமிக்குள் ஆழத்தில் இருக்கும் பாறையின் அடர்த்தி சமாச்சாரம். 2023இல் பெங்களூரு ஐஐஎஸ்சி ஆய்வாளர்கள், ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து எழும்பும் சூடான, லேசான பாறைதான் முக்கியக் காரணம் என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள்.)

சரிவு என்பதால்தான் ஒரே எண்ணைக் கூட்ட முடியாது. இஜிஎம் 2008 மாதிரி ஒரு ஜீயாய்டு மாடலை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தந்த இடத்தின் மதிப்பைக் கழியுங்கள், பிடால் இலவச மென்பொருள், அதிலேயே செய்துவிடலாம். மதிப்பு மைனஸ் என்பதால் கழித்தால் கூடும், குறியில் ஏமாந்தால் ஏரி இன்னும் 87 மீட்டர் கீழே போய்விடும், நான் போயிருக்கிறேன். அதன் பிறகும் உள்ளூர் பெஞ்ச் மார்க்கோடு சில பத்து சென்டிமீட்டர் ஒட்டாமல் நிற்கலாம், அந்த மிச்சத்தை மட்டும் நிலையான எண்ணாகத் திருத்துங்கள்.

ஆனால் 9 கிலோமீட்டரில் 18 செ.மீ முழுவதும் ஜீயாய்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை, கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. கலங்கல் கல்லையே ஒரு தடவை சந்தேகப்படுங்கள்.

ஸ்டாஃப் பிடித்தவன்:

நான் 31 வருடம் மட்டம் பார்க்கும் டம்பி லெவலும் அப்புறம் ஆட்டோ லெவலும் தூக்கித் திரிந்தவன், இந்த விமான சமாச்சாரம் எல்லாம் ஓய்வுக்குப் பிறகு பேரன் சொல்லித் தெரிந்துகொண்டது. புள்ளிமேகம் தம்பி கடைசியில் சொன்னதைத்தான் நானும் முதலில் கேட்க நினைத்தேன்.

அம்மா, நீங்கள் லேசர் புள்ளியைத் தொட்டது சிமெண்ட் தளத்தில், மட்டம் கொத்தியிருப்பது கல்லில். இரண்டும் ஒரே உயரம் என்று யார் சொன்னார்கள்? பழைய கலங்கலில் கல் பெயர்ந்தால் மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்கள், இரண்டு அங்குலம், நான்கு அங்குலம், அந்தந்த வருடத்துக் கையிருப்பைப் பொறுத்தது. கொத்திய எண்ணை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். நேரில் போய் ஒரு ஸ்டாஃபை, அதாவது அளவு குறித்த கம்பை, நட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

இன்னொன்று. கல்லில் 27.40 என்று இருப்பதால் அது கடல் மட்டக் கணக்கு என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். பல ஏரிகளில் கலங்கலை 100.00 என்று வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அதிலிருந்து எழுதியிருப்பார்கள், அந்த ஏரிக்கு மட்டும் செல்லுபடியாகும் எண். உங்களுடையது பால பெஞ்ச் மார்க்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் கடல் மட்டம்தான் போலிருக்கிறது, ஆனாலும் ஒரு தடவை லெவல் ஓட்டிப் பாருங்கள்.

நாம் கடல் மட்டம் கடல் மட்டம் என்று சொல்வதும் ஒரு கதைதான். இந்தியாவின் பழைய மட்டக் கணக்கு 1909இல் முடிவானது, கரையோரத்தில் ஒன்பது இடங்களில் அலைமானி வைத்துப் பல வருடம் பார்த்த சராசரியைப் பூஜ்யம் என்று பிடித்துக்கொண்டார்கள், சென்னையும் நாகப்பட்டினமும் அதில் உண்டு. அங்கிருந்து மனிதர்கள் ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து உள்நாட்டுக்குக் கொண்டுவந்த எண்தான் உங்கள் பாலத்தில் இருப்பது. 1802இல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்தாரே, அந்த வம்சம் நாங்கள். விமானம் ஒரு காலையில் முடிப்பதைப் பார்த்தால் பொறாமைதான், பொய் சொல்லவில்லை.

கலங்கல்மேடு:

ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை. இன்று காலை போய்ப் பார்த்தேன். சிமெண்ட் தளம் கல்லைவிட 7 செ.மீ உயரம்! ஓரத்தில் வெட்டுத் தெரிகிறது, பழைய சுண்ணாம்புக் காரைக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு அடுக்கு. அப்படியானால் வித்தியாசம் 87.25, பாலத்தோடு 11 செ.மீ தான் இடைவெளி. இஜிஎம் 2008இல் இரண்டு இடத்தையும் எடுத்துப் பார்த்தால் 12 செ.மீ வருகிறது. நேற்றுவரை பேய் மாதிரி இருந்தது, இப்போது நிம்மதி.

நிம்மதி அரை நாள்தான். உயரத்தைத் திருத்திவிட்டு ஏரிப் படுகையின் படத்தைப் போட்டேன். கிழக்குப் பாதி வழுவழுவென்று அழகாக இருக்கிறது, மாட்டு வண்டித் தடம் கூடத் தெரிகிறது. மேற்கே சீமைக்கருவேலம் மண்டிய பகுதியில் தரை அம்மைத் தழும்பு மாதிரி குண்டும் குழியுமாக, கொஞ்சம் தூக்கலாகவும் இருக்கிறது. போதாததற்குக் கரையே இரண்டு இடத்தில் காணாமல் போயிருக்கிறது, நேரில் முழுசாக நிற்கிறது. மதகுப் பக்கம் ஒரு பெரிய ஓட்டை, அங்கே புள்ளியே இல்லை. லேசர் செடிக்கு ஊடே போய்த் தரையைப் பார்க்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

புள்ளிமேகம்:

லேசர் இலைக்குள் புகாது, இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்தில்தான் போகும். இதை விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்லவே மாட்டார்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒளிக்கற்றை தரைக்கு வரும்போது 25லிருந்து 50 செ.மீ அகலமாக விரிந்திருக்கும், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் ஒரு பகுதி கிளையில் பட்டு முதலில் திரும்பும், மிச்சம் கீழே போய் அடுத்த இலையில் பட்டுத் திரும்பும், அதிலும் தப்பியது தரையைத் தொட்டுக் கடைசியாக வரும். ஒரே பல்ஸுக்கு இப்படி மூன்று, நான்கு பதில் வரும். கடைசிப் பதில் என்றால் தரை என்று அர்த்தமில்லை, கடைசியாக எதில் பட்டதோ அது.

2009இல் பெலீஸ் நாட்டில் காரகோல் என்கிற மாயா நகரத்தின் மேல் காட்டுக்கு மேலே பறந்து 200 சதுர கிலோமீட்டர் எடுத்தார்கள், 25 வருடம் காட்டை வெட்டி அளந்தவர்கள் பார்க்காத படிக்கட்டு வயல்களும் சாலைகளும் சில நாளில் தெரிந்தன. அங்கேயே சதுர மீட்டருக்கு 20 புள்ளி அளவில் விழுந்ததில் தரையைத் தொட்டது ஒன்றோ ஒன்றரையோதான். உயரமான காடு பரவாயில்லை, கீழே காலியாக இருக்கும். நம்ம சீமைக்கருவேலம் அதைவிட மோசம், தரையிலிருந்தே கிளைத்து முள்ளும் இலையுமாக இரண்டு மூன்று மீட்டர் அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு மேல், பல்ஸின் நீளம் 5 நானோவினாடி என்றால் தூரத்தில் அது முக்கால் மீட்டர். முழங்கால் உயரத்துப் புதரின் பதிலும் அதற்கடியில் இருக்கும் தரையின் பதிலும் ஒன்றோடொன்று கலந்து ஒரே புள்ளியாக, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு உயரத்தில் வந்து உட்காரும். உங்கள் அம்மைத் தழும்பு அதுதான்.

கரை காணாமல் போனது வேறு கதை, அது தரையையும் மரத்தையும் பிரிக்கும் ஃபில்டரின் கைவரிசை. துணி ஃபில்டர் பயன்படுத்தியிருப்பீர்கள், கிளவுட்கம்பேர் மென்பொருளில் இருக்கிறதே அது. மொத்தப் புள்ளிகளையும் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே ஒரு ஈர வேட்டியைப் போர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்ததால் மரமெல்லாம் குழி. வேட்டி விறைப்பாக இருந்தால் குழிக்கு மேலே பாலம் போட்டு நிற்கும், தொட்டதெல்லாம் தரை, தொடாததெல்லாம் மரம் என்று பிரித்துவிடும். உங்கள் ஏரிக்கரையும் கவிழ்த்தால் ஒரு நீளமான வாய்க்கால்தானே, வேட்டி அதற்கும் பாலம் போட்டுவிட்டது, கரை மரக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வேட்டியைத் தளர்த்தினால் கரை கிடைக்கும், ஆனால் கருவேலங்குழிக்குள்ளும் துணி தொங்கிவிடும். ஆகவே இரண்டு தடவை ஓட்டுங்கள், கரைக்கு ஒரு அமைப்பு, படுகைக்கு ஒரு அமைப்பு, நடுவில் கையால் எல்லை போட்டு ஒட்டுங்கள். நான் எட்டு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், இன்றுவரை ஒரு பட்டனை அழுத்திக் கரை முழுசாக வந்ததே இல்லை.

கரைச் சரிவில் இன்னொன்றையும் பாருங்கள். ஐஎம்யூ 0.01 டிகிரி பிசகினால் 1000 மீட்டர் கீழே புள்ளி 17 செ.மீ பக்கவாட்டில் நகரும். சமதரையில் அது தெரியாது, 2க்கு 1 சரிவில் அது 8, 9 செ.மீ உயரத் தப்பாக மாறும். அடுத்தடுத்த இரண்டு பறப்புப் பட்டைகளும் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடத்தில் கரையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், இரண்டு கோடு தெரிந்தால் டேட்டா கொடுத்தவர்களிடம் திருப்பி அனுப்பலாம், அப்போது "அப்படித்தான் வரும்" என்று சொல்ல முடியாது.

நீர்ச்சுழி:

மதகு ஓட்டைக்கு நான் பதில் சொல்கிறேன். மே மாதத்திலும் மதகு வாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்திருக்கும். நில அளவைக்குப் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர்தான் பயன்படுத்துவார்கள், தண்ணீர் அதைக் குடித்துவிடும், குடிக்காததைக் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் தள்ளிவிடும். விமானத்துக்குத் திரும்பி எதுவும் வராது. தண்ணீருக்கு அடியில் பார்க்க 532 நானோமீட்டர் பச்சை லேசர் இருக்கிறது, பவளப்பாறைக் கடலில் பிரமாதமாக வேலை செய்யும், நம்ம ஏரித் தண்ணீர் டீக்கடை டீ நிறத்தில் இருக்கும், அதில் பச்சையும் போகாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டாஃபோடு இறங்குவதுதான் வழி, பாம்பு பார்த்து.

தண்ணீர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் சியாட்டிலுக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் என்று ஒரு தீவு. 1990களின் கடைசியில் நிலத்தடி நீர் எங்கே இறங்குகிறது என்று பார்க்க அங்கே லைடார் பறந்தார்கள். மரத்தையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் காட்டுக்குள் ஒரு படிக்கட்டு மாதிரி நேர்கோட்டு மேடு. தோண்டிப் பார்த்ததில் பழைய நிலநடுக்கங்கள் உடைத்த பிளவு. தண்ணீரைத் தேடிப் போய்ப் பூகம்பத்தைக் கண்டுபிடித்தவர்கள். உங்கள் படத்திலும் கருவேலத்தைக் கழித்ததும் பழைய வரத்துக் கால்வாய் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள், பட்டாவில் இல்லாதது லைடாரில் இருக்கும்.

ஸ்டாஃப் பிடித்தவன்:

அம்மா, கருவேலத்துக்குள் ஒரு பத்து இடத்திலாவது லெவல் எடுங்கள், ஆளை விட்டு வழி வெட்டச் சொல்லி. முள் குத்தும், வேறு வழியில்லை. வெட்டவெளியிலும் ஒரு பத்து எடுங்கள், அப்போதுதான் எது மரத்தால் வந்த தப்பு, எது மொத்தமாக வந்த தப்பு என்று பிரிக்க முடியும்.

கலங்கல்மேடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஐயா சொன்னபடி 24 இடத்தில் ஆட்டோ லெவல் வைத்தோம். வெட்டவெளியில் 12 இடம், லைடாருக்கும் லெவலுக்கும் சராசரியாக 3 செ.மீ தான் வித்தியாசம், சீனியரே இரண்டு தடவை நோட்டை வாங்கிப் பார்த்தார். கருவேலத்துக்குள் 12 இடம், லைடார் சராசரியாக 38 செ.மீ உயர்த்திக் காட்டுகிறது, ஒரு இடத்தில் 71. முள் பட்டது என் கையில் நான்கு இடம், செயின்மேன் அண்ணன் காலில் எத்தனை என்று எண்ணவில்லை.

புதர் 45 ஹெக்டேர். அப்படியே விட்டிருந்தால் 1,71,000 கன மீட்டர் இல்லாத மண்ணைத் தூர்வாரக் கணக்கு எழுதியிருப்போம், பத்து கன மீட்டர் டிப்பர் என்றால் 17,000 லோடு. இதைச் சீனியரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இப்போது புதரை வெட்டிய பிறகு அந்தப் பகுதியை மட்டும் தரையில் நிறுத்தி அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் எடுப்பதாக முடிவு. கரையைப் புள்ளிமேகம் அண்ணா சொன்னபடி தனியாக ஓட்டினேன், வந்துவிட்டது. பட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுகின்றன.

நீர்ச்சுழி, வடமேற்கில் ஒரு மங்கலான கோடு தெரிகிறது, 6 மீட்டர் அகலம், வளைந்து வந்து ஏரியில் சேர்கிறது. வரைபடத்தில் இல்லை. பக்கத்து வயல்காரப் பெரியவரைக் கேட்டால் "அது எங்க அப்பா காலத்துல ஓடின கால்வாய்" என்கிறார்.

கடைசியாக ஒரு சந்தேகம், ஆயக்கட்டில் (ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில்) ஐந்தாறு இடத்தில் வட்ட வட்டமாகத் தரை 8, 9 மீட்டர் கீழே இறங்குகிறது. ஃபில்டர் சிலதை இரைச்சல் என்று தூக்கிவிட்டது, சிலதைத் தரை என்று வைத்திருக்கிறது. இதுவும் ஜீயாய்டா?

வெட்டி ஆபீசர்:

அது கிணறுங்க.